செல்வழி நிர்வாகம்

பெருங்களத்தூரைத் தாண்டி, வண்டலூர் வருவதற்குள் ஜி.எஸ்.டி. ரோட்டிலிருந்து உள்ளே திரும்பினால், தென்புறநகர் உயிரறிவியல் உயர் ஆய்வுக் கழகம் வரும். பெயர்ப்பலகையை முழுசாக வாசிப்பதற்குள் பஸ் அடுத்த நிறுத்தத்துக்குப் போய்விடும் என்பதால், கண்டக்டர்கள் அதை 'உசுரு காலேஜ்' என்று சுருக்கிவிட்டார்கள். அந்த உசுரு காலேஜுக்கு நேர்ந்த அத்தனை குழப்பத்துக்கும் ஜெனிதான் காரணம் என்று விசாரணைக் குழு பிற்பாடு முடிவு கட்டியது. அதில் ஓரளவு நியாயமும் இருக்கிறது. ஆராய்ச்சி தினத்தன்று அவள் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்.

ஜெனி சேலையூர்ப் பெண். பிஎச்.டி. சேர்ந்து ஐந்தாவது வருஷம் ஓடிக்கொண்டிருந்தது. உதவித்தொகை நின்றுபோய், சாயங்காலத்தில் டியூஷன் எடுத்துக் காலம் தள்ளிக்கொண்டிருந்தாள். அவளுடைய சொத்து என்று சொல்ல இருந்ததெல்லாம் ஒரு வகைச் செல்கள். மனிதத் தோலிலிருந்து வந்தவை. அவற்றைச் சிறுகச் சிறுகச் சூட்டுக்குப் பழக்கி, வருஷக்கணக்காக வளர்த்து வைத்திருந்தாள். மற்ற செல்கள் செத்துப்போகிற சூட்டில் இவை எப்படியோ சமாளித்துக்கொள்ளும். எப்படிச் சமாளிக்கின்றன என்பதுதான் அவளுடைய ஆய்வேடு.

ஆராய்ச்சி தினத்தில் அதைத்தான் மேடையில் விளக்கினாள். செல்லுக்குச் சூடு பட்டாலோ, சாப்பாடு கிடைக்காமல் போனாலோ, விஷம் கலந்தாலோ, வெளிச்சுவரில் இருக்கிற ஏற்பி அதை உணர்கிறது. அது உள்ளே தூங்குகிற கைனேஸ் என்ற புரதத்தை எழுப்புகிறது. எழுந்த கைனேஸ் அடுத்த கைனேஸின் மேல் ஒரு பாஸ்பேட்டை ஒட்டி அதை எழுப்புகிறது. அது அதற்கு அடுத்ததை. ஒன்று பலவற்றை எழுப்புவதால் செய்தி போகப் போகப் பெரிதாகிறது. கடைசியில் உட்கருவில் இருக்கும் புரதத்துக்குச் செய்தி கிடைக்க, அது சரியான ஜீனைத் திறந்துவிட்டுச் செல்லைக் காப்பாற்றத் தேவையானதைத் தயாரிக்க வைக்கிறது. ஆபத்து தீர்ந்ததும் பாஸ்பட்டேஸ் என்று இன்னொன்று வந்து ஒட்டியதையெல்லாம் உரித்துவிட, எல்லாம் பழையபடி தூங்கப் போய்விடும். செய்தி ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்குப் போகச் சில நிமிடம்தான் ஆகும் என்று சொல்லி ஜெனி முடித்தாள்.

முன்வரிசை சோபாவில் கண்மூடிச் சிந்தித்துக்கொண்டிருந்த இயக்குநர் டாக்டர் ஷ்யாம்சுந்தர் இந்த இடத்தில் விழித்துக்கொண்டார்.

"சில நிமிஷமா? இதுக்கு யாரும்மா கையெழுத்துப் போடறாங்க?"

"கையெழுத்தெல்லாம் இல்ல சார். அந்தப் பாஸ்பேட்தான் கையெழுத்து மாதிரி."

இந்த வாக்கியத்தைத்தான் அவள் சொல்லியிருக்கக் கூடாது. ஷ்யாம்சுந்தர் எழுந்து மேடைக்கு வந்து, அவள் கையிலிருந்த மைக்கை வாங்கிக்கொண்டார்.

"நண்பர்களே, இங்க ஒரு குழாய் ஒழுகினா சரி பண்ண மூணு மாசம் ஆகுது. அதுக்குள்ள கட்டடமே ஒழுக ஆரம்பிச்சிடுது. ஆனா ஒரு செல்லுக்கு மூளை கிடையாது. எம்.பி.ஏ. கிடையாது. இருந்தும் அது எவ்வளவு அழகா நிர்வாகம் பண்ணுது. மூளையே இல்லாம ஒரு நிறுவனத்தை நடத்த முடியும்னு இயற்கை நிரூபிச்சிருக்கு. பல வருஷமா என்னோட நம்பிக்கையும் அதுதான். இன்னிக்கு அதுக்கு அறிவியல் ஆதாரம் கிடைச்சிருக்கு."

அரங்கம் கைதட்டியது. ஜெனியும் என்ன ஏது என்று புரியாமல் தட்டினாள்.

அடுத்த வாரமே 'செல்வழி நிர்வாகம்' அமலுக்கு வந்தது. பேராசிரியர், ஆய்வு மாணவர், பிளம்பர், எலக்ட்ரீஷியன், ஆய்வக உதவியாளர் என்று பேதம் பார்க்காமல் எல்லோரும் கைனேஸ் ஆக்கப்பட்டார்கள். கழுத்தில் மார்புவரை தொங்கும் தகர அட்டை, அட்டையில் எண். அதோடு காந்தம் வைத்த மஞ்சள் வில்லைகள் மூட்டை மூட்டையாக வந்து இறங்கின. அவைதான் பாஸ்பேட். விதி ஒன்றே ஒன்றுதான்: மார்பில் யாராவது மஞ்சள் வில்லை ஒட்டினாலொழிய யாரும் எந்த வேலையும் செய்யக் கூடாது. ஒட்டப்பட்டவர் தன் பங்குக்குப் பத்துப் பேருக்கு ஒட்ட வேண்டும். வில்லை இல்லாமல் தானாக இயங்குகிறவரின் பதிவோ வேலையோ ரத்து.

பாஸ்பட்டேஸ் பதவி ரத்தினபாய் மேடத்துக்குப் போனது. நிர்வாகப் பிரிவில் ஊழியர்களின் பயணப்படிகளை வெட்டுவதில் பேர் போனவர் அவர். ஒரு பிளாஸ்டிக் கூடையோடு தாழ்வாரத்தில் நடந்தபடி, கண்ணில் பட்ட வில்லையையெல்லாம் பறித்துப் போட்டுக்கொண்டே போவார். யாராவது முகம் சுளித்தால், "எல்லாரும் எந்நேரமும் முழிச்சிட்டே இருந்தா ஆபீஸ் தாங்குமாப்பா?" என்பார். உண்மையிலேயே அக்கறையோடுதான் கேட்பார்.

முதலில் அடி வாங்கியது சாம்பார். கேன்டீனில் பரிமாறும் காமு அக்கா, கரண்டியைக் குண்டானுக்குள் விட்டபடி வில்லைக்காகக் காத்திருந்தார். வில்லை வந்து, அவர் கரண்டியைத் தூக்குவதற்குள் ரத்தினபாய் வந்து பறித்துக்கொண்டு போனார். மறுபடி வில்லை வந்தது. மறுபடி கூடைக்குள் போனது. ஜெனி அன்று மதியச் சாப்பாட்டைச் சாயங்காலம் சாப்பிட்டாள். பரவாயில்லை, புதிதாக எது வந்தாலும் முதலில் இப்படித்தான் இருக்கும் என்று தன்னையே தேற்றிக்கொண்டாள். திட்டத்துக்கு வித்திட்டவள் என்பதால் அவளுக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது என்பதை மறைப்பானேன்.

அந்தப் பெருமை டீப் ஃப்ரீசரோடு போயிற்று. மழை தொடங்கி, பகல் நேரத்தில் கரண்ட் போனது. ஜெனரேட்டரைப் போட வேண்டிய எலக்ட்ரீஷியனுக்கு வில்லை ஒட்டினார்கள். அவர் தாழ்வாரத்தைக் கடப்பதற்குள் அது கூடைக்குப் போய்விட்டது. விதிப்படி அவர் வந்த வழியே திரும்பிப் போய் உட்கார்ந்துகொண்டார். இப்படி அவர் போவதும் வருவதுமாக இருக்கையில் ஃப்ரீசருக்குள் இருந்ததெல்லாம் உருகித் தண்ணீராகிவிட்டது. ஜெனி மாற்று ஏற்பாடாக உறைய வைத்திருந்த செல்கள் மொத்தமும் போயின. இன்குபேட்டர் ஆறியும் அதற்குள் தாக்குப்பிடித்த இரண்டு பிளாஸ்டிக் குடுவைகள் மட்டும் மிஞ்சின. அவையும் போனால் ஆய்வேடும் இல்லை, ஐந்து வருஷமும் இல்லை.

இயக்குநரிடம் போய் அழுதாள். அவர் மிகுந்த பரிவோடு தலையாட்டினார்.

"செல்லுலயும் கொஞ்சம் வீணாகத்தான்மா செய்யும். வீணாகுதுன்னா நாம உயிரோட இருக்கோம்னு அர்த்தம். செத்த நிறுவனத்துல எதுவுமே வீணாகாது பார்த்தியா?"

ஜெனி திரும்பி வந்து, மிஞ்சிய இரண்டு குடுவைகளையும் இன்னொரு தடவை பார்த்துக்கொண்டாள்.

பிறகு பாம்பு வந்தது. பக்கத்துக் காட்டிலிருந்து மழைக்கு ஒதுங்கிய ஒரு சாரைப் பாம்பு நூலகத்துக்குள் நுழைந்து, பழைய சஞ்சிகைகள் இருக்கும் அலமாரியில் சுருண்டுகொண்டது. ஒருவர் பத்துப் பேருக்கு ஒட்ட, அந்தப் பத்துப் பேர் ஆளுக்குப் பத்துப் பேருக்கு ஒட்ட, கழகமே மஞ்சளாகி மைதானத்தில் கூடியது. பாம்பை யார் பிடிப்பது என்ற பேச்சு மட்டும் எழவில்லை. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, தன்னை யாரும் சட்டை செய்யவில்லை என்று தெரிந்ததும், பாம்பு தானாக இறங்கிக் காட்டுக்குப் போய்விட்டது. "நெருக்கடி நீக்கப்பட்டது" என்று ஷ்யாம்சுந்தர் ஒலிபெருக்கியில் அறிவித்தார். இனிமேல் கைனேஸ்கள் வில்லையைக் கைமாற்றினாலே போதும், வேலையைக் கடைசி ஆள் பார்த்துக்கொள்வார் என்று விதியும் திருத்தப்பட்டது. செல்வழி நிர்வாகத்தின் முதல் வெற்றி என்று வாசலில் ஃப்ளெக்ஸ் பேனரும் ஏறியது. அதில் அவர் படம் பெரிதாகவும் பாம்பின் படம் சிறிதாகவும் இருந்தது.

ஜெனியின் கடைசிச் சோதனைக்கு நாள் குறித்தாயிற்று. வெள்ளிக்கிழமை. அதற்குள் அந்த இரண்டு குடுவைச் செல்களும் பெருகி நிறைந்துவிடும். சோதனை முடிந்தால் எழுதிக் கொடுத்துவிடலாம். அந்த வாரத்தின் நடுவில் ஒரு காலை, இன்குபேட்டருக்குப் போகும் கார்பன் டை ஆக்சைடு சிலிண்டரின் முள் கீழே படுத்துவிட்டதைப் பார்த்தாள். வாயு நின்றால் செல்கள் மிதக்கும் திரவத்தின் தன்மை மாறும். ஆரஞ்சு கலந்த சிவப்பாக இருக்க வேண்டிய திரவம் ரோஸாகி, பிறகு கத்தரிப்பூ நிறத்துக்குப் போகும். அதற்குமேல் செல்கள் தாங்காது. அப்போதே குடுவைகளில் லேசாக ரோஸ் தட்டியிருந்தது.

வேடிக்கை என்னவென்றால், நிரம்பிய சிலிண்டர் ஒன்று அங்கேயே, கைக்கெட்டும் தூரத்தில், சுவரோடு சங்கிலி மாட்டி நின்றுகொண்டிருந்தது. ஸ்பேனர் மட்டும்தான் இல்லை. அது சேட்டுவின் பேண்ட் பாக்கெட்டில் இருந்தது. சேட்டு ஆய்வக உதவியாளர். இத்தனை வருஷமும் டீ ஆறுவதற்குள் சிலிண்டரை மாற்றிவிட்டு வந்து டீயைக் குடிக்கிற ஆள்.

"சேட்டு அண்ணா, சிலிண்டர் தீர்ந்துடுச்சு. கொஞ்சம் மாத்திக் கொடுங்கண்ணா."

"இன்னாம்மா நீ? நானு இன்னும் அட்டெண்டராவா கீறேன்?" சேட்டு கழுத்து அட்டையைத் தூக்கிக் காட்டினார். "கைனேஸ் ஏழு."

"தெரியும்ணா. அவசரம்ணா. ஸ்பேனராவது கொடுங்க."

"உன் கையில ஸ்பேனர் குடுத்தா அதுவும் வேலை செஞ்ச கணக்குத்தான். எனுக்கு யாராச்சும் வில்லை ஒட்டணும். ஒட்டினா நானு அடுத்த ஆளுக்கு ஒட்டுவேன். அத்தோட என் டூட்டி ஓவர்." சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலை இறக்கினார். "தப்பா நெனைச்சுக்காதம்மா. பொண்ணு நிச்சயத்துல, சம்பந்தி வூட்டுக்காரங்க என்னைக் கைனேஸ்னு சொல்லி மேடையேத்தி மாலை போட்டானுங்க. இத்தினி வருசமா சிலிண்டர் உருட்டினேனே, எவன் மாலை போட்டான்?"

அவர் சொன்னதிலும் பொய் இல்லை. ஜெனிக்குக் கோபம் வர மறுத்தது.

"சரிண்ணா. உங்களுக்கு அடுத்த ஆள் யாரு?"

"உட்கருப் புரதம். அவுருதான் வேலையைச் செய்றவரு."

"அவர் எங்க இருக்காரு?"

"அந்த நாற்காலி காலியா கீதும்மா. எல்லாரும் கைனேஸுக்கு எழுதிக் குடுத்துட்டாங்க. இதுக்கு எவனும் வரல. டாக்டர் பட்டமும் வாங்கியிருக்கணுமாம், ஸ்பேனரும் புடிக்கத் தெரியணுமாம். தேடிக்கினு கீறாங்க."

ஜெனி தன் வழிகாட்டி பேராசிரியர் லக்ஷ்மிநாராயணனிடம் ஓடினாள். அவர் கைனேஸ் மூன்று. நல்ல மனுஷர், ஆனால் காற்றில் கதவு அடித்தால்கூட எழுந்து நின்று வணக்கம் சொல்கிற சுபாவம். அவள் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு, முதலில் கதவைச் சாத்தினார்.

"நீயே மாத்திடலாம்னு மட்டும் நினைக்காதே ஜெனி. ரெஜிஸ்ட்ரேஷன் போயிடும். முறைப்படி ஏற்பிகிட்டப் போ. அங்கேருந்து சிக்னல் வரட்டும். எனக்கு வந்த உடனே நான் ஒட்டிடறேன். அதுல தாமதமே இருக்காது."

ஏற்பி என்பது வாசல் வரவேற்பில் உட்காரும் ஷீலா அக்கா. கழகத்துக்கு நெருக்கடி வந்தால் அதை உணரும் அதிகாரம் அவருக்கு மட்டும்தான் உண்டு.

"ஷீலாக்கா, என் செல்லெல்லாம் சாகப் போகுதுக்கா. சிக்னல் அனுப்புங்கக்கா."

"உனக்கு டென்ஷன்னா அது உன் பர்சனல்மா. கழகத்துக்கு டென்ஷன்னா நான் ஃபீல் பண்ணணும்."

"சரிக்கா, ஃபீல் பண்ணுங்க."

ஷீலா கண்ணை மூடிக்கொண்டு நேர்மையாக முயன்று பார்த்தார். "வரலையேடா."

"திரவம் ரோஸ் ஆயிடுச்சுக்கா."

"ரோஸ் நல்ல கலர்தானே?"

ஜெனிக்கு அதற்குமேல் தாங்கவில்லை. வரவேற்பு மேஜையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு அழுதுவிட்டாள். டியூஷன் முடித்து வந்து விடிய விடியக் கண்விழித்ததெல்லாம், இன்னும் முடிக்கலையா என்று ஊர் கேட்டதெல்லாம் அந்த அழுகையில் வந்தது. ஷீலா அவள் முதுகைத் தடவிக் கொடுத்தார். தடவத் தடவ அவர் கண்ணும் கலங்கியது.

"இரு, இரு. இப்போ லேசா வருது," என்று சொல்லிவிட்டு, பக்கத்தில் இருந்த கைனேஸ் ஒன்றுக்கு ஒரு வில்லையை எடுத்து ஒட்டினார்.

பிறகு நடந்ததைக் குறை சொல்லவே முடியாது. அவ்வளவு வேகம். ஒன்று பத்தாகி, பத்து நூறாகி, லக்ஷ்மிநாராயணன் சொன்னபடியே தாமதமில்லாமல் ஒட்டி, மாடிக்கு மாடி மணியடித்து, மொத்தக் கழகமும் மார்பில் மஞ்சளோடு அரங்கத்தில் வந்து நிறைந்தது. ரத்தினபாய் மேடத்தால்கூட அன்று ஈடுகொடுக்க முடியவில்லை. பறிக்கிற வேகத்தைவிட ஒட்டுகிற வேகம் அதிகமாக இருந்தது. என்ன நெருக்கடி என்று யாருக்கும் தெரியவில்லை. பாம்பு திரும்பி வந்துவிட்டதாகப் பின்வரிசையில் பேசிக்கொண்டார்கள். ஷ்யாம்சுந்தர் மேடையேறினார்.

"நண்பர்களே, இன்னிக்கு நமக்கு ஒரு பிரச்சினை வந்திருக்கு. அது என்னன்னு நான் கேட்கல. கேட்கவும் மாட்டேன். பிரச்சினையைத் தெரிஞ்சுக்கறது பழைய நிர்வாகம். பிரச்சினைக்கு எழுந்து நிக்கறது புது நிர்வாகம். எத்தனை பேர் எழுந்திருக்கோம் பாருங்க."

"சார், சிலிண்டர் சார்," என்று ஜெனி பின்னாலிருந்து குரல் கொடுத்தாள். எல்லோரும் அவளைத் திரும்பிப் பார்த்து, பேச்சைக் கெடுக்காதே என்று சைகை காட்டினார்கள்.

மேடையின் ஓரத்தில் நாற்காலி ஒன்று போடப்பட்டிருந்தது. 'உட்கருப் புரதம்' என்று முதுகில் எழுதி, குஷன் எல்லாம் வைத்து, காலியாக இருந்தது. செய்தி வரிசையாகக் கைமாறி வந்து, கடைசியில் சேட்டுவின் மார்பில் வில்லையாக வந்து ஒட்டியது. சேட்டு தன் கையிலிருந்த வில்லையோடு மேடையேறினார். நாற்காலியைப் பார்த்தார். இயக்குநரைப் பார்த்தார். நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டார். அரங்கமே மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருக்க, வேறு வழி தெரியாமல் குனிந்து, நாற்காலியின் இரும்புக் காலில் வில்லையை ஒட்டினார்.

கைதட்டல் கூரையைப் பிய்த்தது. செய்தி உட்கருவை அடைந்துவிட்டதாக ஷ்யாம்சுந்தர் தழுதழுத்த குரலில் அறிவித்தார். லக்ஷ்மிநாராயணன் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அந்த ஆரவாரத்தில் ஜெனி மேடைப்படியருகே போய்விட்டாள். இறங்கி வந்த சேட்டு அவளுக்கு முன்னால் நின்று, மேடையைப் பார்த்தபடி கைதட்டினார். அவர் பின்பாக்கெட்டில் ஸ்பேனர் துருத்திக்கொண்டிருந்தது. ஜெனி மெதுவாக அதை உருவினாள். சேட்டுவின் தோள் ஒரு தடவை அசைந்தது. அவர் திரும்பவில்லை; இன்னும் பலமாகத் தட்டினார்.

ஆய்வகத்துக்கு ஓடினாள். வால்வை மூடி, ரெகுலேட்டரைக் கழற்ற முயன்றால் நட்டு அசைய மறுத்தது. துப்பட்டாவை இடுப்பில் இறுக்கிக் கட்டிக்கொண்டு, ஸ்பேனரின் மேல் உடம்பின் மொத்தப் பாரத்தையும் போட்டாள். அப்புறம்தான் அசைந்தது. புது சிலிண்டரைச் சாய்த்து, அடியை உருட்டி உருட்டி நகர்த்தி, வாஷரை வைத்து, பூட்டி, சோப்புத் தண்ணீர் தடவிக் கசிவு இருக்கிறதா என்று பார்த்தாள். கசிவில்லை. கையெல்லாம் கிரீஸ். அரங்கத்தில் இன்னும் நன்றியுரை ஓடிக்கொண்டிருந்தது.

சாயங்காலத்துக்குள் குடுவைகளில் ரோஸ் இறங்கி, பழைய ஆரஞ்சுச் சிவப்பு திரும்பியது. மைக்ரோஸ்கோப்பில் வைத்துப் பார்த்தாள். செல்கள் குடுவையின் தரையைப் பற்றிக்கொண்டு நீட்டி நிமிர்ந்து படுத்திருந்தன. அவளுக்கு அப்போது வந்த சந்தோஷத்தில் கிரீஸ் கையாலேயே முகத்தைப் பொத்திக்கொண்டாள்.

மறுநாள் விசாரணைக் குழு கூடியது. கூடாமல் இருக்குமா? தலைமை ஷ்யாம்சுந்தர். ஒரு பக்கம் ரத்தினபாய், மறுபக்கம் லக்ஷ்மிநாராயணன்.

"ஜெனி, நீ ஆராய்ச்சியாளர். அதனால உன் வாயாலேயே கேட்கறேன். சிக்னல் வராமலே ஒரு கைனேஸ் தானா முழிச்சுக்கிட்டு இயங்கினா, அந்த செல்லுக்கு என்ன ஆகும்?"

ஜெனி தரையைப் பார்த்தாள். பொய் சொல்லத் தெரியாத பாடத்தைப் படித்துத் தொலைத்திருந்தாள். "புற்றுநோய் ஆகலாம் சார்."

"எழுதிக்கோங்க," என்றார் ஷ்யாம்சுந்தர். "புற்றுநோய். நேத்து இந்தக் கழகத்துல ஒரே ஒரு ஆள்தான் சிக்னல் இல்லாம வேலை செஞ்சிருக்காங்க. நோய் எங்க இருக்குன்னு நாமே கண்டுபிடிச்சிட்டோம். ஆரம்ப நிலைங்கறதால பயப்பட வேண்டாம்."

"சார், சிக்னல் போச்சு சார். நாற்காலிக்குப் போச்சு. நாற்காலி சிலிண்டரை மாத்துமா சார்?"

"நாற்காலியைக் குறை சொல்லாதே. இந்த நிர்வாகத்துல இதுவரைக்கும் ஒரு தப்புகூடப் பண்ணாதது அது ஒண்ணுதான்."

லக்ஷ்மிநாராயணன் ஏதோ சொல்ல வாயெடுத்தார். ரத்தினபாய் கையை நீட்டி அவர் மார்பிலிருந்த வில்லையை எடுத்துவிட்டார். அவர் வாயை மூடிக்கொண்டார்.

ஜெனியின் பதிவை ரத்து செய்வதென்று முடிவாயிற்று. இயக்குநர் வில்லை ஒட்டினார். வில்லை வரிசையாகக் கைமாறிப் போய், சேட்டுவிடம் வந்து, நாற்காலிக்குப் போய்ச் சேர்ந்தது. பேரைப் பதிவேட்டிலிருந்து அடிக்க வேண்டிய ஆள் அந்த நாற்காலியில்தான் உட்கார வேண்டும். ஆகவே யாரும் அடிக்கவில்லை. ஜெனி நீக்கப்பட்டவளாகவும் இருந்தாள், நீக்கப்படாதவளாகவும் இருந்தாள். வழக்கம்போல ஆய்வகத்துக்கு வந்தாள், யாரும் தடுக்கவில்லை. தடுக்கிற வேலையும் அந்த நாற்காலியுடையதுதான்.

"பார்த்தியா, ஒண்ணும் ஆகல," என்றார் லக்ஷ்மிநாராயணன், தன் அறையில் கதவைச் சாத்திக்கொண்டு. "பேசாம வெள்ளிக்கிழமை சோதனையை முடி. எழுதிக் கொடு."

"எழுதிக் கொடுத்தா, அதை யார் சார் வாங்கிப் பரீட்சகருக்கு அனுப்புவாங்க?"

அவர் யோசித்தார். அவர் முகம் விழுவதை ஜெனி பார்த்தாள்.

"நாற்காலிதான், இல்லையா சார்?"

"காத்திருக்கலாம்மா. ஆள் போடுவாங்க. நான்கூட என் ப்ரொமோஷனுக்குக் காத்துக்கிட்டுதானே இருக்கேன்."

"இந்த சிலிண்டரும் ஒருநாள் தீரும் சார்."

"வெளிய போனா புதுசா ரெஜிஸ்டர் பண்ணணும். இந்த அஞ்சு வருஷம் கணக்குல வராது. தெரியுமில்ல?"

தெரியும். அம்மாவிடம் போய்ச் சொல்ல வேண்டும். சொந்தக்காரர் கல்யாணங்களில் இன்னும் எத்தனை வருஷம் தலை குனிந்துகொண்டு சாப்பிட வேண்டியிருக்குமோ என்றும் தோன்றியது. ஆனாலும் எழுந்துவிட்டாள்.

"வருஷம் போனா போகட்டும் சார். செல் இருக்கே."

அவர் எழுந்து போய், வில்லை இல்லாத வெறும் மார்போடு, அவளுக்காகக் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டார்.

ஜெனி இரண்டு குடுவைகளிலும் கழுத்துவரை திரவத்தை நிரப்பினாள். மூடியை இறுக்கி, டேப் சுற்றினாள். இன்குபேட்டரின் சூடும் மனித உடம்பின் சூடும் ஒன்றுதான். குடுவைகளைத் துணியில் பொதிந்து, சுடிதாருக்கு உள்ளே வயிற்றோடு வைத்துக் கட்டி, மேலே துப்பட்டாவைப் போர்த்திக்கொண்டாள். வாசலில் ஷீலா அக்கா, "எங்கேடா இந்த நேரத்துல?" என்று கேட்டார். "வீட்டுக்குக்கா" என்று சொல்லிவிட்டு ரோட்டுக்கு வந்தாள்.

தாம்பரத்தில் இறங்கி, ஸ்டேஷனைக் கடந்து, கிழக்குப் பக்கம் மேடவாக்கம் பஸ் ஏறினாள். கூட்டம் நெரித்தது. அவள் வயிற்றைக் கையால் தாங்கிக்கொண்டு நிற்பதைப் பார்த்த கண்டக்டர், ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தவரிடம், "சார், கண்ணு தெரியலையா? அந்தம்மாவுக்கு எடம் வுடு," என்றார். ஜெனி மறுக்கவில்லை. உட்கார்ந்தாள். கேம்ப் ரோடு சிக்னலில் பஸ் அசையாமல் நின்றது. ராஜகீழ்ப்பாக்கம் பள்ளங்களில் பஸ் குலுங்கியபோதெல்லாம் அவள் முன்னால் குனிந்து குடுவைகளை இறுக்கிக்கொண்டாள். வழி முழுக்கப் பயமாக இருந்தது. தனக்கு இது தேவைதானா என்றுகூட ஒரு நேரம் தோன்றியது.

மேடவாக்கத்தில் தண்ணீர் லாரிகள் அடைத்து நிற்கும் ஒரு சந்தில், ஒரு மாடியில் சின்னதாக ஓர் ஆய்வகம் நடந்துகொண்டிருந்தது. ஜெனியோடு எம்.எஸ்ஸி. படித்த ஏஞ்சல் இன்னும் இரண்டு பேரோடு சேர்ந்து நடத்துவது. ஏஞ்சல் ஒன்றும் கேட்காமல் குடுவைகளை வாங்கி, டேப்பைப் பிரித்து, மைக்ரோஸ்கோப்பின் கீழ் வைத்துக் குனிந்தாள். ஜெனி சுவரில் சாய்ந்து நின்றாள்.

"கொஞ்சம் உதிர்ந்திருக்குடி," என்றாள் ஏஞ்சல். "மத்ததெல்லாம் நல்லா ஒட்டிட்டிருக்கு. இங்க ஒண்ணு ரெண்டா பிரிஞ்சிட்டிருக்கு, வந்து பாரு."

ஜெனி போய்ப் பார்த்தாள். கண்ணீரில் முதலில் ஒன்றும் தெரியவில்லை. துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தாள். குடுவைகளை இன்குபேட்டரில் வைத்துக் கதவைச் சாத்திய பிறகு, பழக்கதோஷத்தில் அவள் கண் பக்கத்திலிருந்த சிலிண்டரின் முள்ளுக்குப் போயிற்று. பாதிக்குக் கீழே இருந்தது.

"இது தீர்ந்தா இங்க யாருடி மாத்துவாங்க?"

ஏஞ்சலுக்குக் கேள்வியே புரியவில்லை.

"யாரு மாத்துவாங்கன்னா? தீர்ந்துடுச்சுன்னு யாரு முதல்ல பாக்கறாங்களோ அவங்கதான். ஸ்பேனர் அந்த டிராயர்ல இருக்கு. ஏன்டி?"

ஜெனி டிராயரை இழுத்துப் பார்த்தாள். ஸ்பேனர் இருந்தது.